விமானத்துக்கு மெத்தை தைத்தேன்

பறக்கத் தயாராக இருந்த ஒரு விமானத்தைத் தரையிலேயே உட்கார வைத்தவள் நான். எஞ்சினைத் தொடவில்லை, இறக்கையில் ஏறவில்லை, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. ஊசி, நூல், பஞ்சு, கொஞ்சம் வாய்க்கொழுப்பு. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஏற்காடு ஒண்டிக்கடையில் எனக்கு ஒரு தையல்கடை இருக்கிறது. எஸ்டேட் பங்களாக்களுக்குத் திரைச்சீலை, சோபா உறை, எப்போதாவது ஜீப்புக்கு சீட் கவர் தைப்பேன். ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு நாள், காபி எஸ்டேட் வைத்திருக்கும் சேவியர் சார் போன் செய்தார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, உங்களுக்கு ப்ளேன் சீட்டெல்லாம் தைச்சுப் பழக்கம் இருக்குதுங்களா?"

"ப்ளேன்தானுங்க சார் எனக்கு நொம்பப் பிடிச்ச வேலை. பூப்போட்டது, கட்டம் போட்டதெல்லாம் சும்மா பகட்டுங்க. ப்ளேன் தைக்கறதுலதான் கையோட சுத்தம் தெரியும்."

"அப்படியா! நம்ம ஏற்காட்டுலயே இப்படி ஒரு ஆள் இருக்கறது தெரியாமப் போச்சே. நாளைக்குக் கீழ வாங்க, நேர்லயே காட்டறேன்" என்றார்.

(சேலத்தை நாங்கள் 'கீழ' என்றுதான் சொல்வோம். மலைமேல் இருக்கிற திமிர்.)

மறுநாள் காலை சேலத்தை ஒட்டிய ஓடுதளத்தின் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் சார் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தார்ப்பாயை உருவினார். உள்ளே நான் எதிர்பார்த்த சோபா செட் இல்லை. வெள்ளை உடம்பும் நீலக் கோடுமாக, மூக்கில் காற்றாடியுடன் ஒரு சின்ன விமானம் நின்றது. நாலு பேர் உட்காரலாம். வடக்கே எங்கேயோ வருஷக்கணக்காகப் பயிற்சிக்கு ஓடி அலுத்துப்போனதை சார் வாங்கியிருந்தார். அறுபது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்று லைசென்சும் எடுத்திருந்தார். உள்ளே சீட்டெல்லாம் கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷமே "சார், நான் துணி ப்ளேன்னு நெனச்சேனுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீட்டை இரண்டு தட்டு தட்டி, "போன வாட்டி தைச்சவங்க சரியில்லீங்க" என்றேன்.

அங்கே குமரேசன் என்ற இன்ஜினியர் இருந்தார். விமானத்தின் பராமரிப்பு மொத்தமும் அவர் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கலாம். ஒல்லியான மனிதர். சிரிப்பை அளந்து செலவழிப்பவர். நாலு சீட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் வெளியூர் வேலை இருக்கிறது என்று கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, எடையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முன்பின் தெரியாத மனிதர் ஒரு பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? (அப்போது நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். இப்போது அந்தக் 'கொஞ்சம்' இல்லை.) "அது எங்க குடும்பத்து உடம்புவாகுங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். நான் அன்று ராத்திரி ரோஷத்தில் சோறு சாப்பிடவில்லை. என் கணவர் அந்தோணி என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

வேலை ஆரம்பித்த மூன்றாம் நாள் சாருடைய மனைவி ரோஸ்மேரி அம்மா கடைக்கு வந்தார். அடுத்த மாதம் அவர்களுக்கு நாற்பதாவது திருமண நாள். அன்றைக்கு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்வராயன் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது சாரின் ஆசை. விமானம் வாங்கியதே அதற்காகத்தான். அம்மாவுக்கோ மொட்டை மாடியில் நின்றாலே தலை சுற்றும்.

"கண்ணு, உள்ள உக்காந்தா எங்க ஊட்டு ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கணும். அப்படி இருந்தா நான் வரேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். சீட்டு நல்லா மெத்துன்னு இருக்கட்டும்."

"செஞ்சிரலாமுங்க."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் பயமாக இருக்குமாம், திரைச்சீலை வேண்டும். அப்புறம் காலடிக்குக் கம்பளம். அப்புறம் காபி ஃபிளாஸ்க் வைக்க ஒரு மர ஸ்டாண்ட். அப்புறம் முதுகுக்கு ஒரு திண்டு. ஒவ்வொன்றுக்கும் நான் "செஞ்சிரலாமுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையை வாய் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்தில் நான் செய்த திருப்பணி இது: சீட்டின் அடியில் தேங்காய் நார் மெத்தை, அதன் மேல் ரப்பர் ஸ்பாஞ்ச், அதற்கும் மேல் இலவம்பஞ்சு. எல்லாவற்றையும் மூடி அரக்குச் சிவப்பில் ரெக்சின், ஓரத்தில் தங்க நிறப் பட்டை, சீட்டுக்கு ஒன்றாக முதுகுத் திண்டு. தரை மேடு பள்ளமாக இருந்ததால் சமமாகப் பிளைவுட் அறுத்துப் போட்டு, மேலே பங்களா கம்பளம். எஸ்டேட் சில்வர் ஓக் மரத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்த ஸ்டாண்ட், ஃபிளாஸ்கையும் நாலு டம்ளரையும் தாங்கும். ஜன்னலுக்கு முல்லைப்பூ போட்ட பளபள நைலான் திரை, குஞ்சத்தோடு. அந்தோணி வந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊட்ட விட இது நல்லா இருக்குது. பேசாம இங்கயே குடிவந்துரலாம்" என்றார்.

ஒண்டிக்கடை முழுக்க எனக்கு விமானத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம்கூட, "இப்பத்தான் விமானத்துல இருந்து வரேன், கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

விமானத்தை ஒப்படைக்கும் நாள் வந்தது. சாரும் அம்மாவும் வந்தார்கள். விமானத்தை மந்திரித்துக் கொடுக்க எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரையும் அழைத்திருந்தார்கள். அவர் ஒரு வாளியில் தீர்த்தத்தோடு வந்திருந்தார். மினிபஸ் ஓட்டும் அந்தோணியும் லீவு போட்டு, வெளுத்த சட்டையில் வந்து நின்றார். குமரேசன் சீட்டை மாட்டுவதற்காக முதல் சீட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்க, இதுக்குள்ள என்ன வெச்சுத் தைச்சிருக்கீங்க?"

"நல்ல சரக்குங்க" என்றேன்.

அவர் நாலையும் மாட்டினார். சார் ஆசையாக ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். சார் ஆறடி. நான் போட்ட மெத்தை முக்கால் அடி. தலை கூரையில் இடித்து, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"நொம்ப வசதியா இருக்குதுங்க" என்றார், சாய்ந்த கழுத்தோடு. அவ்வளவு நல்ல மனிதர்.

"சார், ஸ்டியரிங்க உங்க பக்கமா இழுங்க" என்றார் குமரேசன். சார் இழுத்தார். அது பாதி தூரம் வந்து, முதுகுத் திண்டு முன்னால் தள்ளிவிட்டிருந்த சாரின் வயிற்றில் முட்டி நின்றது.

"அது முழுசா வரலீன்னா ப்ளேன் மேல ஏறாதுங்க சார்."

"நான் கொஞ்சம் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கறேனே?"

"சேலத்துல இருந்து ஏற்காடு வரைக்குமா சார்?"

அடுத்து குமரேசன் சாரை இறக்கிவிட்டு, மூன்று சக்கரத்துக்கு அடியிலும் எடைமேடை வைத்து விமானத்தை நிறுத்துப் பார்த்தார். ஒரு காகிதத்தில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"முன்னைக்கு இப்ப எழுபத்திரண்டு கிலோ கூட இருக்குங்க."

"அது நானுங்க!" என்றார் அந்தோணி உற்சாகமாக. "என் எடை சரியா அதேதானுங்க."

"அப்ப உங்க ஊட்டுக்காரர உள்ள வெச்சுத் தைச்சிருக்காங்க" என்றார் குமரேசன். அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "சார், இனி பெட்ரோல் ரொப்பினா நீங்க ஒருத்தர்தான் போலாம். அம்மாவும் வரணும்னா பெட்ரோலக் கொறைக்கணும். போயிருவீங்க, திரும்பி வர்றதுதான் கஷ்டம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே அம்மா, எடையைப் பாத்துக்கோங்கன்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டினி கிடந்த அந்த ஒரு ராத்திரியை நினைத்து வயிறு எரிந்தது.

குமரேசன் அத்தோடு விட்டிருக்கலாம். "துணி தீப்பிடிக்காத துணிதானுங்களே?" என்று கேட்டார். இத்தனை பட்டும் என் வாய் அடங்கவில்லை. "சுத்தமாப் பிடிக்காதுங்க" என்றேன்.

திரையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, கொட்டகையை விட்டு வெகுதூரம் போய், குறட்டில் பிடித்து லைட்டரைக் காட்டினார். குப்பென்று ஒரு சத்தம். துண்டு முழுதும் ஒரே நொடியில் ஜுவாலையாகி, சொட்டுச் சொட்டாக உருகிக் காய்ந்த புல்லில் விழுந்தது. புல் பற்றிக்கொண்டது. குமரேசன் தீயணைப்பான் எடுக்கத் திரும்புவதற்குள், சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து, வாளித் தீர்த்தத்தை மொத்தமாகக் கொட்டினார். தீ அணைந்தது. குமரேசனின் பேன்ட் முழங்கால் வரை நனைந்தது.

"ப்ளேனுக்குன்னு கொண்டாந்தது" என்றார் சாமியார், மூச்சு வாங்க. "இன்ஜினியருக்கு ஆயிருச்சு."

நான் விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சாருடைய நாற்பதாவது திருமண நாள் ஆசையில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டேனே என்று இருந்தது. அப்போது முன்பக்கம் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. ரோஸ்மேரி அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து, இறக்கையைப் பிடித்துக்கொண்டே நடந்து என்னிடம் வந்தார்.

"அழுவாத கண்ணு. தப்பு என்னோடதுதான். இந்த வேலை முடியவே கூடாதுன்னுதான் ஒவ்வொன்னா வந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நீ எதுக்காச்சும் முடியாதுன்னு சொல்லுவன்னு பாத்தேன். நீ எல்லாத்தையும் செஞ்சுபோட்ட!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பச் சிரிச்ச சிரிப்புல பயம் எங்க போச்சுன்னே தெரியல. நான் போறேன். ஆனா அந்தக் குஞ்சமெல்லாம் வேண்டாம்."

சார் காதில் அது விழுந்துவிட்டது. அந்தக் கழுத்தை அவர் அவ்வளவு வேகமாக நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் பிரித்தோம். விமானத்துக்கென்றே வருகிற, சான்றிதழோடு கூடிய சாம்பல் நிறத் துணியையும் மெல்லிய ஸ்பாஞ்சையும் குமரேசன் வரவழைத்தார். அவர் பக்கத்தில் நின்று அளவு சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு தைத்தேன். என் வாழ்க்கையிலேயே ஆகச் சுத்தமான தையல் அதுதான்.

திருமண நாளன்று என்னையும் விமானத்தில் கூட்டிப்போவதாக அம்மா சொல்லியிருந்தார். அந்தோணி காலையிலேயே மினிபஸ்ஸில் அறிவித்துவிட்டார்: "இன்னைக்கு ஒரு ப்ளேன் வரும். உள்ள என் பொண்டாட்டி இருப்பா." கீழே ஓடுதளத்தில் குமரேசன் எங்களை ஒவ்வொருவராக எடைமேடையில் ஏற்றினார். சார், அம்மா, கூடப் போக வேண்டிய குமரேசனே, பிறகு நான். காகிதத்தில் எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். அப்புறம் என்னைப் பார்த்தார். இந்த முறை எனக்கு உடனே புரிந்தது.

அம்மாவின் கைப்பையையும் மூன்று பேர் செருப்பையும் பிடித்துக்கொண்டு ஓடுதள ஓரத்தில் நின்றேன். (புது ஷூ போட்டுக்கொண்டு போனார்கள்.) விமானம் ஓடி, சட்டென்று லேசாகி மேலே எழுந்தது. ஜன்னலில் அம்மாவின் கை தெரிந்தது. அது பயந்த கை இல்லை. எனக்குப் பொறாமையும் சந்தோஷமும் சேர்ந்து, செருப்போடு கையை ஆட்டினேன்.

அதே நேரம் மலைமேல், வாழவந்தி போகும் வழியில் அந்தோணி பஸ்ஸை ஓரம் கட்டி, பயணிகள் எல்லோரையும் இறக்கிவிட்டார். விமானம் தலைக்கு மேலே போனபோது அத்தனை பேரும் துண்டை வீசி, விசில் அடித்து, "ஸ்டெல்லாக்கா!" என்று கத்தியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் உண்மையைச் சொன்னதும் அந்தோணியின் முகம் விழுந்துவிட்டது.

"முப்பது பேர் கை காட்டினாங்க ஸ்டெல்லா. ஒரு அம்மா அழுதே போட்டாங்க. கேட்டா இல்லைன்னு மட்டும் சொல்லிராத."

மறுநாள் அவருடைய பஸ்ஸில் போனேன். வாழவந்தி செல்லமுத்து அண்ணனும் அவர் சம்சாரமும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். அண்ணன் ஆவலோடு திரும்பினார்.

"ஏனுங்கம்மா, மேல இருந்து பாக்கறப்ப எங்க ஊடு தெரிஞ்சுதுங்களா? களத்துல மொளகு காயப்போட்டிருந்தோமே?"

கண்ணாடியில் அந்தோணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தெரிஞ்சுதுங்கண்ணா" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று, "ஒரு ஓரமா மட்டும் சரியாக் காயாத மாதிரி இருந்துச்சு" என்றும் சேர்த்தேன்.

அண்ணன் சம்சாரத்தின் பக்கம் பாய்ந்தார். "பாத்தியா! கிளறிவிடு, கிளறிவிடுன்னு எத்தன தடவ சொன்னேன்? ஆகாசத்துல இருந்தே தெரிஞ்சிருக்குது!"

அந்த அக்கா அன்றோடு என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஜாக்கெட் தைக்க சேலத்துக்கே போகிறார். இதை அறிந்த என் மகளுக்கு இப்போது கல்லூரி வயது. ஏற்காட்டு மழையில் கொடித்துணி காய்ந்ததா, வடாம் காய்ந்ததா என்று நான் எப்போது கேட்டாலும், இருந்த இடத்தை விட்டு அசையாமல் ஒரே பதில்தான் சொல்கிறாள்:

"நீயே ஒரு ரவுண்டு மேல போய்ப் பாத்துட்டு வந்துரும்மா."