குடல்தின்னிகள் சபையின் ஏழாவது உறுப்பினர்

"கொஞ்சமா வையுங்க டாக்டர், காலைலேர்ந்து வயிறு சரியில்ல" என்று பல்தசார் சொல்லி முடிப்பதற்குள் அவர் முன்னால் இருந்த மண் கிண்ணம் விளிம்புவரை நிரம்பிவிட்டது. வெள்ளை மொச்சை, கேரட், பன்றிக்கறித் துண்டுகள். அவற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, ஐம்பத்தைந்து வயதுவரை அவர் வாயில் வைக்காத அந்தச் சமாசாரம்.

போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகரத்தில் பிறந்தவனைக் குடல்தின்னி என்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கேலியாகச் சொன்னாலும் ஊரார் அதைப் பட்டம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவார்கள். பல்தசாருக்கோ குடல் என்று நினைத்தாலே குமட்டும். அவர் மனைவி ஒருத்திக்குத்தான் அது தெரியும். இந்த லட்சணத்தில் அவர் இருபத்தாறு வருடமாக ரயில் நிலையத்துத் தகவல் மேசையில் உட்கார்ந்து, "இந்த ஊர்ச் சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டவர்களையெல்லாம் கூசாமல் ஸுல்மீராவின் கடைக்கு அனுப்பினார். "அங்க குடல் சாப்பிடலைன்னா நீங்க இந்த ஊருக்கே வரலைன்னு அர்த்தம்" என்று வேறு சொல்வார்.

அந்தச் சேவைக்குத்தான் இந்த வியாழக்கிழமை மதியம் அதே கடையில் மரியாதை. ஊரின் குடல் சபை அவரை ஏழாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. கருஞ்சிவப்பு அங்கி போர்த்தியாயிற்று, மரக்கரண்டியால் தோளில் தட்டியாயிற்று. ஆறு பேர் பார்க்க ஒரு கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டியதுதான் பாக்கி. முடியாது என்று சொன்னால் நாளைக் காலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவது?

"வயிறா? கையக் கொடுங்க" என்றார் சபைத் தலைவர் தியோதோனியோ. நாற்பது வருடம் வைத்தியம் பார்த்தவர். டாக்டரிடமே வயிற்றுவலிப் பொய்யைச் சொன்ன புத்திசாலித்தனத்தை என்னவென்பது! அவர் நாடி பார்த்தார், வயிற்றைத் தட்டினார். "ஒண்ணுமில்ல, காலியா கிடக்கு. அதான் வியாதி. இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கப்பா!"

"பாத்து டாக்டர்" என்றார் முடிதிருத்தகம் வைத்திருக்கும் குஸ்தோதியோ. "கீரைதின்னி லிஸ்பன்காரன் மாதிரி இலைய மென்னுட்டு உக்காந்திருக்கப் போறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பல்தசார் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். உள்ளுக்குள் உயிர் போய் உயிர் வந்தது.

ஆறு பேரும் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு சபைப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி இருந்தது அவருக்கு. வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கிக் கைத்துணியில் சுற்றி அங்கிப் பைக்குள் திணித்தார். மொச்சையையும் கறியையும் அவசரமாக விழுங்கினார். பாட்டு முடிந்தபோது கிண்ணம் காலி.

"அடேயப்பா! பாட்டு முடியறதுக்குள்ளயா?" டாக்டர் வாயைப் பிளந்தார். "எங்கப்பாகூட இந்த வேகத்துல சாப்பிட்டதில்ல. இன்னொரு கிண்ணம் கொண்டாங்க!"

இரண்டாவது கிண்ணம் வந்தது. குஸ்தோதியோ தன் தட்டிலேயே கவனமாக, ருசித்து ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படியே. இந்த மனிதர்களால் எப்படித்தான் முடிகிறதோ என்று பல்தசாருக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருந்தது. இரண்டாவது கிண்ணத்துத் துண்டுகள் இன்னொரு பைக்குப் போயின. சூடான குழம்பு கால்சட்டை வழியாக இறங்கி முழங்காலைத் தொட்டது.

"சாப்பிட்ட வாயால ருசியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுமய்யா" என்றார் குஸ்தோதியோ.

பல்தசார் எழுந்தார். சாப்பிடாத ருசியைப் பற்றி எதைச் சொல்வது? ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம், நாக்கு தானாக ஓடியது.

"பல்லுல படுறப்ப ஒரு துள்ளல், நாக்குல ஒரு கரைசல். இத சாப்பிடாதவன் இந்த ஊர்த் தண்ணிய குடிச்சிருக்கலாம், ஆனா இந்த ஊர்க்காரன் இல்ல. அப்படிப்பட்டவன் இந்த அங்கியப் போட்டா அத விட ஒரு வெட்கக்கேடு உண்டா?"

சொல்லும்போதே தன் வாயைத் தானே அடைக்க மாட்டோமா என்றிருந்தது அவருக்கு. ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உம்ம முன்னாடி நாங்கல்லாம் ஒண்ணுமே இல்லய்யா" என்றார். "எனக்கு வயசாச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து தலைவர் நீர்தான். ஒவ்வொரு வியாழனும் முதல் கிண்ணம் உமக்கு. நீர் சாப்பிடறத பாத்துத்தான் மத்தவங்க ஆரம்பிக்கணும்."

மற்ற ஐந்து பேரும் அவசர அவசரமாகக் கைதட்டினார்கள். பல்தசாரின் செருப்புக்குள் குழம்பு வந்து சேர்ந்தது.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று சமையலறைக்குள் பாய்ந்தார்.

அங்கே ஸுல்மீரா பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு பைகளையும் அவசரமாக வெளியே இழுத்ததும் கைத்துணி அவிழ்ந்து, இரண்டு கிண்ணத்துச் சரக்கும் அவள் காலடியில் சிதறியது. அவள் தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கடைக்காரியின் முன்னால் அவள் சமையலைக் கொட்டிவிட்டு நிற்பதைவிடக் கேவலம் வேறில்லை. பல்தசார் கூனிக் குறுகிப் போனார்.

"மன்னிச்சிருங்கக்கா" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். "நான் குடல தொட்டதே இல்ல. இத்தன வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கேன். வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்ககிட்டல்லாம் பொய் சொல்லியிருக்கேன். இப்ப என்னைத் தலைவராக்கிட்டாங்க. நான் போய் உண்மையச் சொல்லி இந்த அங்கியக் கழட்டிக் கொடுத்துடறேன். அவங்க என் முகத்துல காறித் துப்பினாலும் பரவால்ல."

அவர் கதவை நோக்கித் திரும்பினார். ஸுல்மீரா அங்கியின் நுனியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கதவை ஒருக்களித்து, வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அழாதீங்க, வெளிய இருக்கற ஆறு பேரும் ஆளுக்கொரு நாளா, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், இங்க வந்து இதையே சொல்லி அழுதவங்கதான், குடல் நீங்க அனுப்பற வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான், சபைக்குப் பதினோரு வருஷமா குடல் மாதிரி நறுக்கின காளான்தான் போகுது."