துண்டுக்குள்ளே பன்னிரண்டாயிரம்

எனக்கு வியாபாரம் வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. விழுப்புரம் மண்டிக்காரர்கள் மட்டும் அதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவும் டி.வி.யில் பார்த்து.

அப்போது சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் மேசை வீடியோபோன் விற்கும் வேலையில் இருந்தேன். தொலைபேசியோடு ஒரு குட்டி டி.வி.யை ஒட்டவைத்த மாதிரி ஒரு பெட்டி. அலுவலக மேசையில் வைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் பேசுகிறவர் முகம் தெரியும். விலை இருபத்தெட்டாயிரம். "இருபத்திநாலுக்குக் கீழ போனா நமக்கு நஷ்டம், ஞாபகம் வச்சுக்கோ" என்று மேலாளர் சந்தானம் சார் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்குள் முதல் ஆர்டர் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஓமந்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக் காட்டுக்கு, திரும்ப வேண்டியதுதான். "படிச்சவன் நானு. இனிமே கொல்லையில கால வைக்க மாட்டேன்" என்று அப்பாவிடம் வசனம் பேசிவிட்டு வந்தவன் நான். (வாய்க்கொழுப்பு. வேறென்ன.)

ஐந்து மாதம் ஓடிப்போனது. ஒரு பெட்டிகூட நகரவில்லை. விழுப்புரம் பஸ் நிலைய டீக்கடையில் உட்கார்ந்து ஒரு சந்தை ஆய்வறிக்கை எழுதினேன். மல்லாட்டை மண்டிக்காரர்கள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நாள் முழுக்கப் போனில் பேசுகிறார்கள். ஆகவே மண்டிக்கு இரண்டு பெட்டி நிச்சயம். கண்டாச்சிபுரத்தையும் கூட்டிக்கொண்டேன். அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. எதிரில் நின்ற பஸ்ஸின் பலகையில் பெயரைப் பார்த்தேன், சேர்த்துவிட்டேன். அறிக்கையைப் படித்து அசந்துபோன சந்தானம் சார், தானே நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

திண்டிவனத்தில் ஏழுமலை முதலாளியின் மண்டியில் ஒரு பெட்டி, விழுப்புரத்தில் அவருடைய கிளையில் இன்னொரு பெட்டி என்று ஏற்பாடு. விழுப்புரத்துப் பெட்டியை ஒரு பெரிய டி.வி.யில் இணைத்து, அதன் முன் மண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்திருந்தோம். சந்தானம் சார் அவர்களோடு அங்கே. நான் முதலாளியோடு திண்டிவனத்தில். வயர் எட்டாததால் பெட்டியை மேசையில் வைக்காமல் எங்கள் காலடியில் ஒரு முக்காலியில் வைத்து, முகம் தெரியும்படி கேமராவை அண்ணாந்து பார்க்கத் திருப்பிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழுமலை முதலாளி பெட்டியைக் குனிந்து பார்த்தார். "எம் பேரன் போன்லயே மூஞ்சி தெரியுதே தம்பி. சும்மாவே பேசிக்கினு கீறான்."

"அது வீட்டுக்குங்க முதலாளி. இது தொழிலுக்கு. ஆபீஸ்ல இருந்தா ஒரு கெத்துங்க."

கெத்து வேலை செய்தது. "வெல என்ன?" என்றார். இருபத்தெட்டு என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் தன் கையை விட்டு என் விரல் ஒன்றைப் பிடித்தார். விட்டுவிட்டு, இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்.

சந்தையில் இப்படி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையை உதறினால் விலை கட்டாது என்று அர்த்தம், இறுக்கிப் பிடித்தால் பேரம் முடிந்தது. இதெல்லாம் மாட்டுத் தரகர்களின் சமாச்சாரம் என்று நினைத்து, அப்பா கூப்பிட்டபோதெல்லாம் சந்தைக்குப் போகாமல் தப்பித்த படிப்பாளி நான். முதலாளி ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியா என்று யோசிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு! வேலை நிரந்தரம்! வாடிக்கையாளரின் கையை உறுதியாகப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிடித்தேன். இறுக்கினேன். குலுக்கினேன்.

காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பன்னண்டுக்கு முடிச்சிட்டான்யா."

இன்னொரு குரல், "எனக்கு நாலு பெட்டி. அதே வெல."

அண்ணாந்து பார்த்த கேமராவுக்கு எங்கள் முகம் தெரியவில்லை. துண்டின் அடிப்பக்கமும் அதற்குள் நடந்ததும்தான் தெரிந்தன. விழுப்புரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விரல் கணக்கிலேயே வளர்ந்தவர்கள். முதலில் பிடித்த ஒரு விரல் பத்து, அடுத்துப் பிடித்த இரண்டு விரல் இரண்டு, ஆக பன்னிரண்டாயிரம். சந்தானம் சாருக்கு யாரோ காதில் விளக்கம் சொல்ல, அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. படம் அவ்வளவு தெளிவு.

முதலாளி கையை உருவிக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "எங்க தொழிலே துண்டுக்குள்ளதான் தம்பி கீது. அத ஊருக்கே காட்டுற பெட்டிய நாங்க எதுக்கு வாங்கணும்? பேஜாரு. ஜல்தியா எடுத்துக்கினு போ."

திரையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாலு பெட்டி கேட்டவர்தான் முதலில் எழுந்தார். கடைசியில் சந்தானம் சார் மட்டும் மிச்சம். "அறிக்கையில துண்டப் பத்தி ஒரு வரிகூட எழுதலியேப்பா" என்றார். வேலை அத்தோடு போயிற்று. பஸ்ஸில் அழுதேன், அதை மறைப்பானேன்.

வீட்டில் அப்பா முழுக்கதையும் கேட்டார். "எங்கூட ஒரே ஒரு நாளு சந்தைக்கு வந்திருந்தியானா பொழச்சிருப்ப" என்றார். மறுநாளே கொல்லைக்குப் போனேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

அடுத்த வருஷம் விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். சுமதி காபித் தட்டோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை எடுக்க நீட்டிய கையையே பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே எனக்கு ஒரு பெரிய மச்சம் உண்டு. உள்ளே போனவள் விழுந்து விழுந்து சிரித்தது கூடம் வரை கேட்டது. ஏழுமலை முதலாளியின் விழுப்புரம் கிளையில் கணக்கு எழுதியவள் அவள். அன்றைக்கு அந்தப் பெரிய டி.வி.க்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

அதற்கப்புறமும் ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன். "துண்டுக்குள்ளகூட ஏமாத்தத் தெரியாத ஆளு. வெளிய எங்க ஏமாத்தப் போறாருன்னுதான்" என்றாள்.

இப்போது மல்லாட்டை மூட்டைகளோடு நான் மண்டிக்குக் கிளம்பினால், சுமதி வாசல் வரை வந்து என் தோளில் கிடக்கும் துண்டை உருவி வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறாள்.