ரேடியேட்டர் விஷயமாக மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொண்டது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தைக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாக இருக்கிறது. நான் செய்கிற தப்பெல்லாம் இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறதாம். உங்கள் மனைவி நலமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கேட்டால் "எனக்கென்ன கேடு?" என்கிறாள். உங்கள் வண்டி கொஞ்ச நாளாக நலமில்லாமல் இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் கூடத்தில் இருக்கிறது, அவளும் நாள் முழுக்கக் கூடத்தில்தான் இருக்கிறாள். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்துகிறாள். அந்தக் கதவுக்கு ஏற்கெனவே கீல் சரியில்லை.

நடந்ததில் யார் தப்பு என்று நான் பேசப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். கூரை இல்லாத ரெண்டு சீட்டு வண்டியில் உங்கள் அத்தையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனீர்கள், பெருமையாகத்தான் இருந்தது, நாங்கள் பின்னால் டாக்சியில் வந்தோம். உங்கள் வண்டி பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஆபரேஷனுக்குப் போக வேண்டியவள் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். என் பெண் டாக்சியிலிருந்து இறங்கி "வண்டியா, நானா? இப்பவே சொல்லுங்க" என்றாள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் மாப்பிள்ளை, அதையும் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் யோசித்தீர்கள். ரேடியேட்டர் மூடி சூடாக இருந்ததால் கவனம் அதில் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னீர்கள், நான் நம்புகிறேன், அவள் நம்பவில்லை. அன்றைக்கே பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள்.

அப்புறம் நீங்கள் செய்த காரியம் இருக்கிறதே! நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். "இனிமே இதத் தொட மாட்டேன் மாமா" என்று வண்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என் கையில் வைத்தீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு பஸ் ஏறியிருக்கக் கூடாதா? எப்படிப் போர்த்த வேண்டும், வாரத்துக்கு எத்தனை நிமிஷம் இஞ்சினை ஓட விட வேண்டும், எந்த எண்ணெய், எந்தத் துணி என்று நின்றுகொண்டே ஒரு பாடம் நடத்தினீர்கள். அவ்வளவு நேரமும் அவள் முகம் கழுவி, தலை வாரி, ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாளாம். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, உங்கள் அத்தை சொல்லித்தான் தெரியும். நீங்கள் போனதும் "என்னப் பாக்க வந்தாரா, வண்டிய விட வந்தாரா?" என்று கேட்டாள், அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. ரெண்டில் ஒன்று என்று அவள் கேட்டாள், இப்போது ரெண்டும் என் வீட்டில் இருக்கிறது. ரெண்டும் என்னிடம் பேச மாட்டேன் என்றது, ஒன்று ஒழுகவும் செய்தது.

வண்டியைச் சரி செய்துவிட்டால் உங்களைக் கூப்பிட ஒரு சாக்குக் கிடைக்கும் என்றுதான் நான் இதில் இறங்கினேன். தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஹவுஸ் பார்த்துக்கொண்டவன், ஊருக்கே குழாய் ஒழுகலை அடைத்தவன், என் வாசலில் தண்ணீர் சொட்டினால் பொறுப்பேனா? முதலில் ரேடியேட்டருக்கு அடியில் ஒரு பேசின் வைத்தேன், அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும், நாம் 'ஆலோசனை' என்று சொல்வோமே, அவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுக்குப் போயி மெக்கானிக்கா? மஞ்சத்தூளப் போடுங்க சார். லாரிக்காரனெல்லாம் அதத்தான் போடறான். ஓட்டைய அப்படியே அடைச்சிடும்" என்றார். எவ்வளவு போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையலறை டப்பாவில் இருந்ததை முழுசாகக் கொட்டினேன். சொட்டு நின்றது! எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, நீங்கள் சொன்னபடி இஞ்சினை ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே குக்கர் மாதிரி சத்தம், மூடி ஒரு பக்கம் பறந்தது, மஞ்சள் தண்ணீர் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. ஆலோசனை அப்போது வெள்ளை பனியனோடு இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "வேலை செய்யுதா சார்?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டுமே மஞ்சளாகிவிட்டன. இந்த முழு விவகாரத்தில் எனக்குத் திருப்தி தந்தது அது ஒன்றுதான்.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றினேன். கீழ்க் குழாய் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நானும் விடாமல் திருகினேன், குழாயோடு அது மாட்டியிருந்த மூக்கும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பழுதுபார்க்கிற கடைக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், வேட்டி பூராவும் மஞ்சள். ரேடியேட்டர்காரர் மேலே தண்ணீரை ஊற்றினார், கீழே ஒன்றும் வரவில்லை. "சார், லீக் நின்னுடுச்சு. தண்ணியும் நின்னுடுச்சு. உள்ள என்ன போட்டீங்க?" என்றார். மஞ்சள்தூள் என்றேன். "உப்பு போட்டீங்களா?" என்று கேட்டார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மனுஷன் என்று ஒரு மரியாதை இருக்கிறதில்லையா?

அடுத்து வருவதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். ஒரிஜினல் ஒரிஜினல் என்று நீங்கள் தடவித் தடவிக் காட்டுவீர்களே, அந்த ரேடியேட்டர் இப்போது இல்லை. இதைச் சுத்தம் செய்யவே முடியாது, இதே அளவில் வேறு ஒன்று பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கிடைக்கும், மூக்கை மட்டும் புதிதாகப் பற்ற வைத்தால் போதும் என்றார் அவர். சரி என்றேன். பழையதை அன்றைக்கே பித்தளை எடுக்கிறவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ரேடியேட்டர்காரர் எனக்குப் போன் போட்டு, "சார், கீழ் மூக்கு எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். எங்கள் வாரியத்தில் இடது வலது எல்லாம் தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்து நின்றுதான் சொல்லுவோம், அது சட்டம், தப்பாகச் சொன்னால் ஒரு தெருவுக்கே தண்ணீர் போகாது. இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் வருகிறது, அப்படிப் பார்த்தால் இடதுதான். நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் ரேடியேட்டரின் முன்பக்கம் தன்னைப் பார்க்கிற மாதிரி எதிரே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தன்னுடைய இடது கைப் பக்கம் பற்ற வைத்துவிட்டார். மனுஷர் வாழ்நாளில் ஒரு மெயின் லைனைப் பார்த்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா?

கொண்டுவந்து மாட்டினால் மூக்கு ஒரு பக்கம், குழாய் மறு பக்கம். விடுவேனா? தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற டியூபில் ஒரு துண்டு வெட்டி, வளைத்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செருகப் பார்த்தேன். அப்போதுதான் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. "அப்பா, எந்திரிங்க. அந்தப் பக்கம் டைனமோ இருக்கு, டியூப் போகாது" என்றாள் என் பெண். அடியில் இருந்தபடியே, உனக்கெப்படி அம்மா தெரியும் என்றேன். "மூணு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் டார்ச் பிடிச்சது யாருன்னு நெனச்சீங்க?" என்றாள். நான் வெளியே வந்து பார்த்தால் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "அடியில படுத்துக்கிட்டுப் பேசிக்கிட்டே இருப்பார்ப்பா. அது எனக்குப் பிடிக்கும். ஸ்பானர் குடு, வெளிச்சத்த இப்படிக் காட்டு, இதப் பாரு, இத எவ்வளவு அழகா செஞ்சிருக்கான்னு சொல்லுவாரு. வெளிய வந்ததும் வண்டியத்தான் சுத்திச் சுத்திப் பாப்பாரு. ஒரு நாளாவது கை வலிக்குதான்னு கேட்டிருக்காரா? வண்டிமேல எனக்கு என்ன கோபம்? அது பாவம், தண்ணி இல்லாமத்தான் நின்னுச்சு" என்றாள். வாரியத்தில் இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தேன், என் கைக்கரி எல்லாம் அவள் முதுகில் ஒட்டியது.

அதற்குப் பிறகு எனக்கு டார்ச் பிடிக்கிற வேலைதான். அவளே கழற்றினாள், அவளே கடைக்குப் போய் நின்று மூக்கைச் சரியான பக்கம் மாற்றிப் பற்ற வைத்து வாங்கி வந்தாள், அவளே மாட்டினாள். தண்ணீர் ஊற்றி இஞ்சினை ஓட விட்டு, மேல் குழாயை அமுக்கி அமுக்கி உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினாள். காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது, ஊருக்கே ஒழுகல் அடைத்த எனக்குத் தோன்றவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. அடியில் பேப்பர் விரித்து வைத்தோம். இரவு முழுக்க இருந்தும் அது நனையவில்லை. எனக்கும் கை கடுத்துப்போய்விட்டது மாப்பிள்ளை, சும்மா சொல்லக் கூடாது, டார்ச் பிடிப்பது லேசான வேலை இல்லை. அவள் மூக்கெல்லாம் கரியோடு உள்ளே வந்து, உங்கள் அத்தையிடம் "பசிக்குதும்மா" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகையால் நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். ஒரிஜினல் போனதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், பிறகு, தனியாக. வண்டி வாசலில்தான் நிற்கும், துடைத்து வைத்திருக்கிறாள், பளபளவென்று இருக்கிறது, கண் தானாக அங்கே போகும். போக விடாதீர்கள். நேராக உள்ளே வந்து அவள் எங்கே என்று கேளுங்கள். இதை நான் சொல்லிக் கொடுத்தேன் என்று தெரிந்தால் என் கதி அதோகதி, படித்ததும் கிழித்துப் போடவும். வண்டியை அதுவரை ஓர் அடிகூட நகர விட மாட்டேன், அதற்கு நான் பொறுப்பு. நீங்களும் அவளும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் தபாலில் போட வெளியே வந்தால் வாசலில் வண்டி இல்லை. "ரேடியேட்டர் தாங்குதான்னு ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்னு போயிருக்கா" என்கிறாள் உங்கள் அத்தை. பெட்டியும் இல்லையே என்றேன். "நானும் கேட்டேங்க. வெயிட்டோட ஓட்டினாத்தான் தெரியுமாம்" என்கிறாள். உங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள், வேறு எங்கே போவாள்? சரி, உங்களுக்குப் போன் போடலாம் என்று கூடத்துக்கு வந்தால், பஸ்ஸிலிருந்து இறங்கி நீங்களே வாசலில் வந்து நிற்கிறீர்கள். "அவ எங்க மாமா?" என்று கேட்டீர்கள். அதைத்தான் முதலில் கேட்டீர்கள். வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது, நீங்கள் கவனிக்கவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வாயால் சொன்னால் உளறிவிடுவேன், அதனால் இதையே கையில் கொடுக்கிறேன், பஸ்ஸில் படித்துக்கொள்ளுங்கள். அவள் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, நீங்கள் எங்கோ போய்விட்டீர்கள் என்று கோபத்தோடு திரும்பி வந்துகொண்டிருப்பாள். வழியில் எதிரே வண்டி வந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். ஓடிப் போய் அந்த இன்னொரு சீட்டில் உட்காருங்கள். அவளே ஓட்டட்டும். கை வலிக்கிறதா என்று கேளுங்கள். ரேடியேட்டரைப் பற்றி மட்டும் வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.