சூரிய அடுப்பில் வெந்த மண்

வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் வெயிலை நம்பித் தோற்பதற்குத் தனித்திறமை வேண்டும். எனக்கு அது இருபத்திரண்டு வயதிலேயே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரிய அடுப்பு செய்யக் கற்றுக்கொடுக்கும் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். இடைசெவல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமை செயல்விளக்கம். பிள்ளைகள் சமைப்பதை அதிகாரி வந்து பார்ப்பார். திருப்தி என்றால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீடு.

ஏற்பாட்டில் நான் குறை வைக்கவில்லை. அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, இடையில் வைக்கோல், உள்ளே சிகரெட் வெள்ளித்தாள் (ஊர்ப் பெரியவர்களின் பாக்கெட்டுகளைப் பிள்ளைகள் காலிசெய்திருந்தார்கள்), மேலே கண்ணாடி. வெள்ளிக்கிழமையே ஆளுக்கொரு தூக்குச்சட்டி கொண்டுவரச் சொல்லி, அடுப்புக்கரியைக் கஞ்சியில் குழைத்து வெளியே முழுக்கப் பூசவைத்தேன். கறுப்புதான் வெப்பத்தை நன்றாக வாங்கும் என்று விளக்கமும் சொன்னேன்.

"நாளைக்கு அரிசியும் தண்ணியும் ஊத்தி இதே சட்டியக் கொண்டாங்க."

மறுநாள் வரிசையாக வந்த சட்டிகளில் என் முகம் தெரிந்தது.

"ஏட்டி பேச்சி, கரி எங்க?"

"எங்கம்மா சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சுட்டா டீச்சர்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த பேச்சியின் அம்மா முன்னால் வந்தாள். "பெரிய ஆபீசர் வாராகன்னு சொன்னீகளாம். கரிச்சட்டியக் குடுத்துவிட்டா எங்க வீட்டப் பத்தி என்ன நெனப்பாக?"

மற்ற அம்மாக்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஒரு சட்டிகூடத் தப்பவில்லை.

மறுபடி கரி அரைக்க நேரமில்லை. அப்போதுதான் என் படித்த மூளை வேலை செய்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாகத்தானே கிடக்கிறது?

"எல்லாரும் கரிசல் மண்ணக் குழைச்சுப் பூசுங்க!"

என் எந்த உத்தரவையும் பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக நிறைவேற்றியதில்லை. சட்டிக்கும் பூசினார்கள், சட்டைக்கும் பூசிக்கொண்டார்கள்.

அதிகாரி வந்தார். கண்ணாடிகளின் உள்பக்கம் நீர் முத்துமுத்தாகப் படிந்திருந்தது.

"கொதிக்குது சார், ஆவி வருது" என்றேன்.

ஆவி வந்தது மண்ணிலிருந்து. (உள்ளுறை வெப்பம் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.) உச்சிவெயில் முழுவதும் மண்ணை உலர்த்தவே செலவாகிவிட்டது. உலர்ந்த கரிசல், கோடையில் காட்டில் என்ன செய்யுமோ அதையே சட்டியிலும் செய்தது. வெளுத்தது, வெடித்தது, வில்லைவில்லையாகக் கழன்று வெள்ளித்தாளின்மேல் விழுந்தது.

பேச்சி மூடியைத் திறந்து ஓர் அரிசியை நசுக்கிப் பார்த்தாள். பிறகு சட்டியின் வெளிப்புறத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், அரிசி வேகல. மண்ணு நல்லா வெந்துட்டு."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"புள்ளைகள எம்புட்டு நேரம் பட்டினி போடுவீக? இங்கன கொண்டாங்க" என்று பேச்சியின் அம்மா சட்டிகளைப் பிடுங்கிக்கொண்டாள். வந்திருந்த மற்ற அம்மாக்கள் கல்லைக் கூட்டி, காய்ந்த பருத்திமாரைப் பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாச் சட்டியும் பொங்கியது. அதிகாரியும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

"சோறு அருமை. இதுல சூரியனுக்கு என்னம்மா பங்கு?"

இறக்கிவைத்த சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகையேறி, அடியும் சுற்றும் அட்டக்கறுப்பு. பேச்சியின் அம்மா அதற்குள் ஒரு கை சாம்பலோடு உட்கார்ந்துவிட்டாள்.

"யக்கா, தேய்க்காதீக!"

நான் போட்ட சத்தத்தில் அதிகாரியின் தட்டு நழுவியது.

விஷயத்தை விளக்கியதும் அவர் சட்டையிலிருந்த பருக்கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே அடுத்த சனிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை, தேய்க்காத சட்டிகளில் வெயிலிலேயே சோறு வெந்தது. என் வேலையும் நீடித்தது.

இந்தக் கதையை என் கல்யாணத்தன்றே அண்ணன் மாப்பிள்ளையிடம் சொல்லித் தொலைத்ததுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது, பாத்திரம் அவருடையது என்று ஏற்பாடு. இன்றும் சாப்பிட்டு முடித்ததும் சட்டியை அப்படியே தள்ளிவைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு சொல்வார்:

"தேய்க்கக் கூடாதுன்னு டீச்சரே சொல்லியிருக்காக."