கடலுக்கடியில் ஒரு கற்பூரம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் பெண் எடுத்தவன், இருந்தும் இன்றுவரை காவிரிப் படித்துறையில் நாலாவது படிக்குக் கீழே இறங்கியதில்லை. (மூணாவது படியே கொஞ்சம் ஆழம்தான்.) ஆனால் மனசுக்குள் நான் வருஷக்கணக்காகக் கடலுக்கு அடியில் குடியிருந்தவன். எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை.

பெயரெல்லாம் வேண்டாம். கடலுக்கு அடியில் நடக்கும் பழைய இங்கிலீஷ் சாகசப் படம் என்றாலே என் வயசுக்காரர்களுக்குப் புரிந்துவிடும். மீன் மாதிரி ஒரு கப்பல். உலகத்தோடு கோபித்துக்கொண்டு அதற்குள் குடித்தனம் நடத்தும் ஒரு கேப்டன். அவரிடம் மாட்டிக்கொண்ட மூன்று பேர். தென்னை மரம் தென்னை மரமாகக் கைகள் முளைத்த ஓர் ஆக்டோபஸ். ஒன்பது வயதில் முதல் தடவை பார்த்துவிட்டு, மறுநாள் காலை பித்தளைத் தவலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லைப்புறத் தொட்டியில் முத்துக் குளிக்கக் கிளம்பினேன். தலை உள்ளே போனது சுலபம். கழற்றத்தான் அரைப் படி விளக்கெண்ணெயும் நாலு ஆளும் தேவைப்பட்டது. (என் காதுகள் இப்படி விடைத்துக்கொண்டது அந்த இழுப்பில்தான் என்பது என் கட்சி. அப்பா வம்சத்துக் காது என்பது அம்மா கட்சி.)

அந்தப் படம் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை, தூரத்துச் சொந்தம் மாதிரி சொல்லாமல் திருச்சிக்கு வரும். மூன்று நாள் தங்கும், போய்விடும். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ஆக்டோபஸின் ஒரு கையைக் கம்பி கட்டி இழுக்கிறார்கள் என்று இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிட்டேன். அதற்கப்புறமும் அந்தக் கை மேலே எழும்போதெல்லாம் என் கால் தானாகவே நாற்காலிக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

எழுபதுகளின் கடைசியில், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையிலிருந்த எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனார் சம்ஸ்கிருத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடுமி, திருமண், பஞ்சகச்சம். இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறவர். சினிமாக் கொட்டகை வாசலை மிதித்ததில்லை. அவரைப் பற்றி என் மனைவி வைதேகி முதலிலேயே எச்சரித்திருந்தாள்.

"அப்பாகிட்ட என்ன வேணும்னாலும் பண்ணுங்கோ. பொய் மட்டும் சொல்லிடாதேங்கோ. எங்க பெரியப்பா பத்ரிநாத் போறேன்னு சொல்லிட்டு மெட்ராஸ்ல கிரிக்கெட் மேட்ச் பாத்துட்டு வந்தார். பதினோரு வருஷமா அப்பா அவரோட பேசறதில்லை. எதிர்வீடுதான்."

நான் சிரித்தேன். பொய் சொல்லும்படி எனக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

தலை தீபாவளி வந்தது. முதல் நாளே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினோம். மெயின்கார்டு கேட் அருகே ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுவரில் ஆக்டோபஸ்! தீபாவளிக்குப் புதுப்படம் கிடைக்காத ஏதோ ஒரு பழைய தியேட்டர் என் படத்தைப் போட்டிருந்தது. மூன்றே நாள். கடைசி நாள், தீபாவளிக்கு மறுநாள். அந்த நாளிலோ நான் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்து முறுக்கு தின்றாக வேண்டியவன்.

தீபாவளி முழுக்க எனக்கு அதே நினைப்பு. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமனார் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு நாளைக்கு என்ன உத்தேசம்?"

"ஒரு படம் வந்திருக்கு மாமா," என்று இழுத்தேன். "கடலுக்கு அடியில நடக்கற கதை."

"நான் சினிமாவுக்கெல்லாம் வரதில்லை."

அதோடு விட்டிருந்தால் வைதேகியும் நானும் மட்டும் போய்விட்டு வந்திருப்போம். ஆனால் மாமனாரின் அக்கா கோமளா அத்தை உள்ளேயிருந்து திருக்கண்ணமுதோடு (பாயசம்தான்) வந்தார். தினம் விடியற்காலை விசுவரூப சேவைக்குக் கோயிலில் நிற்கிறவர்.

"கடலுக்கு அடியிலயா? அப்போ பெருமாள் படமா இருக்கணுமே. மத்ஸ்யாவதாரமா மாப்பிள்ளை?"

வாய் நிறைய முந்திரி. ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் நான் செய்தது.

"ஆமாமா?" என்று மாமனார் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

முந்திரியை விழுங்கிவிட்டேன். இனி பதில் சொல்லியாக வேண்டும். "ஆமாம் மாமா. அதேதான்."

"அப்போ எல்லாருமா போவோம்," என்றார் மாமனார்.

வைதேகி பார்த்த பார்வையில் எனக்கு அந்த ஆக்டோபஸே தேவலாம் என்று தோன்றியது. தனியாகக் கிடைத்தபோது பிடித்துக்கொண்டாள்.

"நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா அப்பா கண்டுபிடிச்சா அதோட சரி. அடுத்த தீபாவளிக்கு நீங்க எதிர்வீட்டுப் பெரியப்பாவோட உக்காந்து சாப்பிட வேண்டியதுதான்."

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். (அந்த வயதில் எப்போதும் ஒரு திட்டம் வைத்திருப்பேன். ஒன்றுகூட நடந்ததில்லை.) மறுநாள் நல்ல மழை. தியேட்டர் வாசலில் பெரிய போஸ்டர் வந்ததும் மாமனாருக்குக் குடை பிடிக்கிற சாக்கில் குடையை அவர் கண் மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். அவர் என் முழங்கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. விளக்கு அணைத்த பிறகுதான் உள்ளே நுழைந்தோம். மாமியார் பட்சண வேலை என்று வரவில்லை. வரிசையாக வைதேகி, அத்தை, நான், மாமனார். அத்தை மடியில் ஒரு மஞ்சள் பை. பக்திப் படம் என்றால் கொட்டகையில் தேங்காய் உடைப்பதும் கற்பூரம் காட்டுவதும் அந்தக் காலத்து வழக்கம் என்பது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

"யாரு இவாள்லாம்? வெள்ளைக்காராளா இருக்காளே?" என்றார் அத்தை.

"கலியுகத்துல ஆரம்பிக்கறான் அத்தை. அப்புறம் பின்னாடி போவான்."

"பெருமாள் எங்கே?"

"இடைவேளைக்கு அப்புறம்."

படத்தில் மூன்று பேரும் கப்பலில் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டில் கடலில் பிடித்த என்னென்னவோ.

"என்ன சாப்பிடறா?"

"பனங்கிழங்கு."

"வெள்ளைக்காரா பனங்கிழங்கு சாப்பிடுவாளா?"

"இது கடல் பனங்கிழங்கு அத்தை."

இந்தப் பக்கம் மாமனார். முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோபத்தில் கொதிக்கிறார் என்று முடிவு கட்டினேன். இடைவேளையில் "வெளில ஒரே மழை, யாரும் போக வேண்டாம்" என்று காவல் காத்தேன். (உள்ளே எனக்கு அதைவிட மழை, வேர்வையால்.)

விளக்கு அணைந்தது. கடலின் இருட்டிலிருந்து கப்பல் நேராக எங்களை நோக்கி வந்தது. செதில் செதிலாய் உடம்பு, வால், துடுப்பு, நெருப்பாய் எரியும் இரண்டு கண். எனக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும் இடம். சொன்ன நேரத்துக்குச் சரியாக, இடைவேளைக்கு அப்புறம் பெருமாள் வந்தேவிட்டார்!

"மத்ஸ்யமூர்த்தி!" என்று அத்தை எழுந்துவிட்டார்.

மஞ்சள் பையிலிருந்து தட்டு வந்தது, தீப்பெட்டி வந்தது. நான் "அத்தை, அத்தை" என்பதற்குள் கற்பூரம் குபுகுபுவென்று எரிய, அத்தை கணீரென்று பாசுரம் சொல்லிக்கொண்டு திரைக்கு ஆரத்தி எடுக்க ஆரம்பித்தார். தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. யாரோ "நெருப்பு!" என்று கத்த, பத்துப் பேர் கதவுக்கு ஓடினார்கள். படம் நின்றது. எல்லா விளக்கும் எரிந்தன.

மேனேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாருங்க கற்பூரம் கொளுத்துனது? தியேட்டர் எரிஞ்சா யாருங்க பொறுப்பு?"

"பெருமாள் சேவை சாதிக்கறச்சே விளக்கைப் போட்டுக் கெடுத்துட்டேளே!" என்று அத்தை அவரைத் திட்டினார்.

"பெருமாளா? அம்மா, இது இங்கிலீஷ் படம்மா. அது கப்பலு!"

"கப்பலா? எங்காத்து மாப்பிள்ளை மத்ஸ்யாவதாரம்னாரே. மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ. மாப்பிள்ளை?"

எங்காத்து மாப்பிள்ளை சீட்டுக்கு அடியில் இருந்தார். தொலையாத செருப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். டார்ச்காரர் அடித்த வெளிச்சம் சரியாக என் முதுகில் விழுந்தது. "இந்தா இருக்காருங்க உங்க மாப்பிள்ளை!"

கொட்டகையே சிரித்தது. நான் எழுந்தேன். தலைமுடியில் கடலைத் தோல். எதிரே மாமனார்.

"சொன்னது பொய்யா?"

என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்கூட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தைக்கு அந்தப் பக்கம் வைதேகியின் முகம் தெரிந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"ஆமாம் மாமா. பொய்தான். எனக்கு இந்தப் படத்தைப் பாக்கணும், அதுக்காகச் சொன்னேன்."

மாமனார் என்னைப் பார்ப்பதை அந்த நிமிஷமே நிறுத்திக்கொண்டார். மேனேஜர், "தயவு பண்ணி எல்லாரும் வெளிய போயிடுங்க" என்றார்.

"போறோம்," என்றார் மாமனார், அவரிடம். "ஆனா உள்ள மாட்டிண்ட அந்த மூணு பேரும் என்ன ஆனா?"

"எந்த மூணு பேருங்க?"

"கப்பல்ல. அது தெரியாம நான் எப்படிப் போறது?"

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், "சாமி கேக்குறாருல்ல, படத்தைப் போடுய்யா!" உடனே கொட்டகை முழுக்க, "போடு! போடு!" தீப்பெட்டியைப் பறிமுதல் செய்துகொண்டு மேனேஜர் போனார். படம் ஓடியது. மாமனார் மட்டும் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆக்டோபஸ் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மனுஷரின் இரண்டு காலும் நாற்காலிக்கு மேலே இருந்தன.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும், ஸ்ரீரங்கம் வரை நின்றுகொண்டே வந்தார். சாயங்காலம் காப்பி. நான் அவரிடமிருந்து ஒன்றரை அடி தூரத்தில் இருந்தேன்.

"வைதேகி, அந்தக் கப்பலுக்குள்ள காத்து எங்கேர்ந்து வரதுன்னு கேளு."

"ஏன்னா, காத்து எங்கேர்ந்து வரதாம்?"

"அப்பப்போ மேல வந்து ரொப்பிண்டு போவான்னு சொல்லு."

"ரொப்பிண்டு போவானாம்பா."

"என் காது நன்னாத்தான் இருக்கு. அடுத்தது கேளு. அத்தனை புஸ்தகம் வெச்சிருக்கானே, ஒண்ணும் நனையாதா?"

இப்படியே பதினாலு மாசம். வைதேகிக்கு வரும் இன்லண்ட் லெட்டரில் நாலு வரி க்ஷேமலாபம், மிச்சம் முழுக்க நீர்மூழ்கிக் கப்பல். அவ்வளவு சந்தேகம் அவருக்கு! பதில் தெரிந்தவன் ஸ்ரீரங்கத்திலேயே ஒருத்தன் கிடையாது. பேரன் பிறந்தபோது வந்தார். தொட்டிலைப் பார்த்து, "உங்கப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லு," என்றார். பத்து நாள் குழந்தையிடம்! கோமளா அத்தையோ என்மேல் துளிக்கூடக் கோபப்படவில்லை. தாம் சேவித்தது மத்ஸ்யமூர்த்தியைத்தான், மேனேஜருக்குத்தான் ஞானம் போதாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் இரண்டு மாமிகள் தியேட்டருக்கு வழிகூடக் கேட்டார்களாம்.

அப்புறம் ஒரு நாள் காலை திருவெறும்பூரில் எங்கள் வீட்டு வாசலில் மாமனார் நின்றார். கையில் பட்சணப் பை. வைதேகியைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, படம் அதுக்குள்ள மறுபடி வந்திருக்கு. மாட்னிக்குக் கிளம்புங்கோ."

எனக்கு மத்தியான ஷிஃப்ட். லீவுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டார். ஜுரம் என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். போர்மேனிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"மாமனாரோட சினிமாவுக்கா?" என்றார் அவர். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுய்யா." ஆனாலும் லீவு கொடுத்தார்.

இந்தத் தடவை மாமனார் என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்தார். படம் முழுக்க எனக்கே விளக்கிக்கொண்டு வந்தார். கேப்டன் தன்னந்தனியாக உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கும் இடத்தில் மட்டும் விளக்கத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுண்டு போனவன் பாடு கஷ்டம் மாப்பிள்ளை," என்றார். "பேசறதுக்கு ஆளே இல்லாம போயிடறது பாருங்கோ."

பையிலிருந்து ஒரு தேன்குழலை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கடித்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தேன்.

எண்பதுகள் முழுக்க அந்தப் படம் எத்தனை முறை வந்ததோ அத்தனை முறையும் நாங்கள் இருவரும் போனோம். பேரன் பேத்திகளுக்கு அந்தத் தீபாவளிக் கதையைச் சொல்லும் உரிமையை எங்கள் வீட்டில் மாமனார்தான் எடுத்துக்கொண்டார். அவர் சொல்லும் கதையில், நல்ல படம் என்று கேள்விப்பட்டு, வரமாட்டேன் என்ற மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போனதே அவர்தான். ஆக்டோபஸுக்கு வருஷத்துக்கு இரண்டு கை கூடிக்கொண்டே போய்ப் பதினாறில் நின்றது. மேனேஜர் அவர் காலில் விழுந்து, "மீதிப் படத்தையும் பாத்துட்டுத்தான் போகணும்" என்று கெஞ்சினார்.

ஒருநாள் வைதேகிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, இதுக்குப் பேர் பொய் இல்லையா?" என்றாள்.

மாமனார் கொஞ்சம்கூட அசரவில்லை.

"பொய் இல்லைடி, வியாக்யானம்," என்றார்.