வணக்கம் மேடத்தின் சாட்சி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், மூச்சு விடுகிற எந்த மனிதருக்கும் வணக்கம் சொல்லாத ஒரே பெண்மணி அவர்தான். மந்திரி வந்தாலும் சரி, சம்பளம் போடுகிற டைரக்டர் வந்தாலும் சரி, கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. ஆனால் தினமும் காலையில் தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக ஒரு பழைய ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நிற்பார். இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம், நல்லாயிருக்கியாடி?" என்பார். அதனால் அவருக்கு வணக்கம் மேடம் என்று பெயர். பெயரை வைத்தவன் நான் இல்லை. அதிகம் உபயோகித்தவன் நான்.

இது நடந்தது திருக்கழுக்குன்றம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்த ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுக்கிற புற்றுநோய்க் கட்டிகள் அங்கே வரும். ஒரு கட்டியில் எந்தப் புரதம் அதிகம், எந்த மரபணு கட்டுக்கடங்காமல் பெருகியிருக்கிறது என்று மேடம் பார்த்துச் சொல்வார். அதை வைத்துத்தான் நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து ரிப்போர்ட் டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். பேய் என்றால் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும்.

வருகிற கட்டிகளை மெழுகில் பதித்து, தீப்பெட்டி அளவு வில்லைகளாக்கி, ஜன்னலே இல்லாத ஒரு அறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அறைக்குள் தலையை நீட்டி, "இங்க யாருமே இல்லையா?" என்று கேட்டேன். அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மெதுவா பேசுங்க. இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல."

மேடம்தான். ஒரு வில்லையைக் கையில் வைத்து, "மன்னிச்சுக்குங்க, புதுப் பையன்" என்று அதனிடம் என்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு நான் கொண்டுபோன தயிர்சாதம் திறக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது.

ஃப்ரிட்ஜ் விவகாரம் இதைவிட மோசம். மேடம் வணக்கம் சொன்னதும் அதன் மோட்டார் சரியாக அந்த நேரம் பார்த்து ஓட ஆரம்பிக்கும். தொண்டையில் கோழை கட்டியவர் பதில் சொல்வது போல "ம்ம்ம்" என்று ஒரு உறுமல். "சரி சரி, கோவிச்சுக்காத. இன்னிக்குக் கொஞ்சமாத்தான் சீவுவேன்" என்று மேடம் சமாதானம் சொல்வார். உள்ளே சாய மருந்துக் குப்பிகளோடு, தனி டப்பாவில் ஒரே ஒரு மெழுகு வில்லை இருக்கும். மற்ற வில்லைகளையெல்லாம் வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசுகிறவர், அதை மட்டும் வாடி, போடி என்பார்.

கூட்டிப் பெருக்குகிற குமார் ஒரு நாள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "அண்ணாத்த, அந்தப் பொட்டி பதில் சொல்லுது. என் காதால கேட்டேன். தூங்கினியான்னு மேடம் கேக்குது, அது ம்ம்முன்னுது" என்றான். மறுநாள் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மிளகாயைக் குமார் சட்டைப்பையில் செருகிவிட்டு, பழத்தைக் கான்டீன் ஸ்டெல்லா அக்காவிடம் நீட்டி, "ஜூஸ் போடு. சக்கரை தூக்கலா" என்றார்.

"ஐயோ, பேய்க்குக் கட்ன பழம் மேடம்!"

"பேய்க்கும் ஒரு டம்ளர் சேத்துப் போடு."

ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டுவிட்டேன். "மேடம், அந்த டப்பால இருக்கறது யாரு?"

"சாட்சி" என்றார்.

கட்டியை முடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். தேடுகிற புரதம் இருந்தால் பழுப்பாகும், இல்லாவிட்டால் ஆகாது. சாயமே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? அதற்காகத் தகட்டின் ஓரத்தில், அந்தப் புரதம் நிச்சயமாக உள்ள இன்னொருவரின் சீவலையும் ஒட்டிவிடுவார்கள். ஓரத்துச் சீவல் பழுப்பானால்தான் சோதனை செல்லும். "அவ வாயத் தெறந்தாதான் அடுத்தவங்க சொல்றத நான் நம்புவேன்" என்றார் மேடம். வெளியே சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் நன்றி சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

இந்த நிலையில் ஸ்டெல்லா அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. படாளம் பக்கத்துக்காரர், கணவர் இல்லை, ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஆபரேஷன் முடிந்து, கட்டி எங்கள் இடத்துக்கே சோதனைக்கு வந்தது. அந்தப் புரதம் இருந்தால் அதற்கென்றே ஒரு மருந்து உண்டு, பிழைக்க நல்ல வழி உண்டு. இல்லை என்று நாங்கள் எழுதினால் அந்த மருந்து கிடையாது. அக்கா என்னிடம் போனில் கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கண்ணாடில எம் பேர எய்துவீங்களா தம்பி?"

"நம்பர் மட்டும்தான்கா."

"அப்ப அது நான்தான்னு கர்த்தருக்கு எப்டித் தெரியும்?"

மேடத்துக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை சோதனை நடந்தது. அக்காவின் சீவலில் பழுப்பு நிறமே இல்லை. டைரக்டர் எட்டிப் பார்த்து, "நெகட்டிவ். ஆஸ்பத்திரியில அவசரப்படறாங்க, ரிப்போர்ட் அடிச்சிருங்க" என்றார். நான் கீபோர்டில் கை வைத்தேன், விரல் நகரவில்லை. இத்தனை நாள் இந்தச் சொல்லை எத்தனையோ பேருக்குக் கூசாமல் அடித்தவன் நான். அவர்கள் யாரும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தவர்கள் இல்லை.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே மேடம் சொன்னார், "அடிக்காதீங்க. சாட்சி பேசல."

ஓரத்துச் சீவலும் வெளுத்துக் கிடந்தது.

"ஒரு தடவை சரியா வரலன்னா என்ன மேடம்?" என்றார் டைரக்டர்.

"இத்தனை வருஷத்துல அவ ஒரு நாளும் பேசாம இருந்ததில்ல சார். யாரோ அவ வாயக் கட்டிட்டாங்க."

சொல்லி முடித்த அந்த நொடியில் ஃப்ரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி, உறுமலை நிறுத்திக்கொண்டது. எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். குமார் மட்டும் பார்க்கவில்லை. அவன் சுவரோடு சுவராக நின்று வேர்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், நாந்தான் மேடம். தெனம் பெருக்கறப்ப அது உறுமிக்கினே கீது. பயந்துகினு சுச்ச ஆஃப் பண்ணுவேன், போறப்ப போட்டுட்டுப் போவேன். வெள்ளிக்கெயம பஸ்ஸு வந்துச்சுன்னு மறந்துட்டு ஓடிட்டேன். இன்னிக்குக் காலைலதான் போட்டேன்."

இரண்டு நாள் விடுமுறை, கடற்கரை வெக்கை, மூடிய அறை. சாய மருந்து செத்துப்போயிருந்தது. டைரக்டர் கத்த வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுக் குமாரிடம் போனார்.

"அவளப் பார்த்து உனக்கு எதுக்குடா பயம்?"

"ஆவியாச்சே மேடம் அது!"

"ஆவியெல்லாம் இல்ல. அது நான்தான்."

மேடம் ஃப்ரிட்ஜைத் திறந்து, டப்பாவிலிருந்த வில்லையை எடுத்துக் காட்டினார்.

"எனக்கு வந்த கட்டிடா. அறுத்து எடுத்தாங்க. என்னைக் கொல்லப் பார்த்தவ சும்மா குப்பைக்குப் போகறதா, வேலை செய்யட்டும்னு எழுதிக் கொடுத்து வாங்கிக்கிட்டேன்."

நான் அடித்த அத்தனை ரிப்போர்ட்டுகளுக்கும் பின்னால், முகம் தெரியாத அத்தனை பேர் பக்கத்திலும், தகட்டின் ஓரத்தில் இந்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் டப்பாவில் இருக்கிறார், கொஞ்சம் கண்ணாடியில் இருக்கிறார், மிச்சம் இங்கே நின்று குமாரை முறைத்துக்கொண்டிருக்கிறார். பயப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து புது மருந்து வந்தது. ஆனால் சாட்சி வில்லை சீவிச் சீவித் தேய்ந்து, மெழுகுக்குள் நகத்துணுக்கு அளவுதான் மிச்சம். வேறு ஏதாவது கட்டியை ஓரத்தில் வைக்கலாமே என்றார் டைரக்டர். "எனக்குப் பழக்கமில்லாத ஆளை ஸ்டெல்லா பக்கத்துல உக்கார வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேடம் சீவுகிற கத்திக்கு முன்னால் உட்கார்ந்தார். கடைசிச் சீவல் சுருக்கம் நீங்க வெந்நீர்த் தொட்டியில் மிதந்தது. அவருடைய கட்டியில் மிஞ்சியது அவ்வளவுதான். அதை ஒரே வீச்சில் தகட்டில் அள்ளி எடுத்தார். வெறும் மெழுகை அவர் கடலில் கரைப்பார் என்று நான் கற்பனை செய்திருந்தேன். அவரோ மஞ்சள் குப்பைப் பைக்குள் வீசி, "ஒழிஞ்சா சனியன்" என்றார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பைக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

அன்று மாலை என்னை மைக்ராஸ்கோப் அருகே கூப்பிட்டார். ஓரத்துச் சீவல் நல்ல பழுப்பு. நடுவே இருந்த சீவலில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு, கோழிக்கூண்டு வலை மாதிரி. "இருக்கு. இப்ப அடிங்க" என்றார். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றி இருட்டறையில் பார்த்தபோது, அந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணுவும் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் புள்ளிகளாக மின்னி அதையே சொன்னது. அந்த ரிப்போர்ட்டை அழுதுகொண்டே அடித்தேன்.

மருந்தெல்லாம் முடிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வேலைக்குத் திரும்பினார். வந்த முதல் நாளே மேடத்திடம் போய் நின்றார். "உங்க டப்பா காலியாத்தானே கீது? என்னுத வச்சிக்கோங்க மேடம். நாலு பேருக்குச் சாட்சி சொல்லட்டும்." கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து காலையில் ஃப்ரிட்ஜ் முன்னால் கேட்டது இதுதான்:

"வணக்கம் ஸ்டெல்லா, தூங்கினியா?"

"நான் இங்க நிக்கறேன் மேடம்! டீ ஆறிக்கினு கீது!"

"இரும்மா, முதல்ல அவ."

நான் அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது எழுதிப் பிழைக்கிறேன். அந்த ஜன்னலில்லாத அறை இன்றும் கனவில் வந்து உலுக்குகிறது. ஆனால் நாளைக்கு எனக்கே ஒரு கட்டி வந்து, என்னில் ஒரு சீவல் பெயர்கூட இல்லாமல் அந்தக் கண்ணாடியில் கிடக்க நேர்ந்தால், பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா இருப்பார். மேலே லென்ஸ் வழியாக அந்த அம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பயமாக இருக்காது.