சாயமெஷினில் வெந்த முருங்கைச் சக்கை

படித்த மருமகள் வீட்டுக்கு நல்லது. படித்ததைச் செய்து காட்டக் கிளம்பினால்தான் ஆபத்து. நான் கிளம்பினேன்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் மாமனாரின் பனியன் கம்பெனி. கேன்டீன் மிச்சத்தைப் போட்டு எரிவாயு எடுக்கும் தொட்டி ஒன்று அங்கே உண்டு. அதன் சுடரில் அப்பளம்கூடப் பொரியாது. கழிவை முதலில் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் குழைத்துப் போட்டால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்று நிறைய வாயு தரும் என்றேன். (எம்.எஸ்சி. திமிர்!)

"இது வெளங்குச்சுன்னா நாளைக்கே கம்பெனிக்கு வா கண்ணு. இல்லீன்னா ஊட்டுலயே இரு" என்றார் மாமா. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த வரம் அது.

சாம்பிள் துணிக்குச் சாயமேற்றும் பழைய மெஷின் சும்மா நின்றது. ஆவி, பம்பு எல்லாம் தயார். சோறு, காய்த்தோல், சாம்பார்ச் சக்கை எல்லாவற்றையும் காஸ்டிக்கோடு கொட்டி வேகவைத்தேன். ஆறவிட்டு, அமிலம் ஊற்றிக் காஸ்டிக்கின் காரத்தன்மையையும் போக்கினேன். (அதுவரை நான் விஞ்ஞானிதான்.)

காங்கேயத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய மாமா, சலவை வேட்டி சட்டையோடு பார்க்க வந்தார். அத்தை காரிலேயே இருந்தார். குழாயைத் தொட்டிக்குள் விட்டுப் பம்பைப் போட்டேன். சொட்டுக்கூட வரவில்லை.

"என்ன கண்ணு, ஒண்ணையும் காணோம்?"

"இப்ப வந்துருமுங்க மாமா" என்று வேகத்தைக் கூட்டினேன். அவர் குழாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

வந்தது. முதலில் அடைத்திருந்த முருங்கைச் சக்கை, பின்னாலேயே கம்பெனி மொத்தமும் தின்ற மிச்சம். பம்பை நிறுத்தினேன். மாமனாரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மூக்குக்கண்ணாடி கண்ணைக் காப்பாற்றியது. மீசையை யாரும் காப்பாற்றவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சக்கையை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"இதைய யாருங்க கடிச்சது?"

குளித்துவிட்டு, எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டிய பூனைப்பட டீசர்ட்டில் நிச்சயதார்த்தத்துக்குப் போனார். வேலைக் கனவு முடிந்தது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் அத்தை தீர்ப்புச் சொன்னார்:

"நாளையிலிருந்து இவளைக் கம்பெனிக்கே கூட்டிட்டுப் போயிருங்க. ஊட்டுல குக்கர் இருக்குது."

தொட்டிக்குள் விழுந்த கொஞ்சத்துக்கே சுடர் கூடியது என்று சொன்னால் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. ஆனால் லீவு நாளில் நான் அடுப்பங்கரைக்குள் நுழைந்து குக்கர் விசிலடித்தால், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.